உங்களுக்குத் தெரியுமா? பேனா தொட்ட படிகம்!

உங்கள் செல்போனுக்குள் இருக்கும் சிப் பிறந்த கதை, ஒரு பேனாவில் தொடங்குகிறது!

1916, பெர்லின். மேசையில் உருகிய வெள்ளீயம், பக்கத்தில் மைக்கூடு. குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் கவனம் சிதறி, பேனாவை மையில் தொடாமல் வெள்ளீயத்தில் தொட்டுவிட்டார். சூடு 232 டிகிரிக்கு மேல்! சட்டென்று இழுத்தால், நிப்பின் நுனியில் மெல்லிய உலோக இழை தொங்குகிறது. சோதித்துப் பார்த்தார். முழு இழையும் ஒரே படிகம்!

அவர்தான் யான் சோக்ரால்ஸ்கி. போலந்துக்காரர். தச்சர் மகன்!

அவர் தேடியது சிப் அல்ல. உலோகம் எவ்வளவு வேகமாகப் படிகமாகிறது என்று அளக்கத்தான் இந்த முறையைப் பயன்படுத்தினார். கட்டுரை வெளிவந்தது 1918-இல். அப்போது சிப்புக்கு அடிப்படையான டிரான்சிஸ்டரே பிறக்கவில்லை! முப்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கார்டன் டீலும் ஜான் லிட்டிலும் இதே முறையில் ஜெர்மேனியம் தனிமத்தின் படிகத்தை இழுத்தார்கள். அடுத்து வந்தது சிலிக்கான்!

சிலிக்கான் உருக 1,414 டிகிரி வேண்டும். அந்தக் குழம்பில் ஒரு சின்ன விதைப் படிகத்தைத் தொட்டு, சுழற்றிக்கொண்டே மேலே இழுக்கிறார்கள். வேகம்? நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரே ஒரு மில்லிமீட்டர்!

இதைக் கேளுங்கள். விதைக்குக் கீழே படிகத்தின் கழுத்தை வேண்டுமென்றே சில மில்லிமீட்டருக்கு மெலிய வைக்கிறார்கள். படிகத்தின் குறைகளெல்லாம் அங்கேயே கழிந்துவிடும். அந்த ஒல்லிக் கழுத்தில் தொங்கும் சிலிக்கான் உருளையின் எடை 100 கிலோவுக்கும் மேல்!

உருளையின் குறுக்களவு 30 சென்டிமீட்டர். சிப் செய்ய அதிலிருந்து அறுக்கும் வில்லையின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை! சிலிக்கானின் தூய்மையோ 99.9999999 சதவீதம். ஒன்பது ஒன்பதுகள்! எண்ணிப் பாருங்கள்!

மொட்டைமாடி சோலார் பலகை 'மோனோ' வகையா? அதுவும் இதே முறைதான்! கண்புரை அறுவைக்குப் பிறகு சிலருக்குக் கொடுக்கும் யாக் லேசர் சிகிச்சை இருக்கிறதே, அந்த லேசர் படிகத்தையும் இப்படித்தான் இழுக்கிறார்கள்!

இவ்வளவு தந்த மனிதருக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? சிறை! இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரோடு ஒத்துழைத்தார் என்று 1945-இல் கைது செய்தார்கள். குற்றத்துக்கு ஆதாரமில்லை என்று விடுவித்த பிறகும், முன்பு பணியாற்றிய வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவரைத் திரும்பச் சேர்க்கவில்லை. எவ்வளவு பெரிய அநியாயம்! சொந்த ஊரான கிட்சினியாவுக்குப் போய், வீட்டு உபயோக ரசாயனப் பொருட்கள் தயாரித்துப் பிழைத்தார். 1953-இல் மறைந்தார்.

பல்கலைக்கழகம் அவர் மீதிருந்த களங்கத்தைத் துடைத்தது 2011-இல். இறந்து 58 ஆண்டுகள் கழித்து!

போலந்து நாடாளுமன்றம் 2013-ஐ 'சோக்ரால்ஸ்கி ஆண்டு' என்றே அறிவித்தது!