மஞ்சப்பையில் இருக்கிறது கண்ணின் ஜாதகம்

காலை எட்டு மணிக்கு மதுரை அண்ணா நகரில் அரவிந்த் கண் மருத்துவமனைப் பக்கம் நின்று பாருங்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் கையில் மஞ்சப்பையைப் பார்க்கலாம். உள்ளே கசங்கிய பழைய ரிப்போர்ட்டுகள். கிளாகோமா எனும் கண் நீர் அழுத்த நோய் உள்ளவருக்கு அந்தக் காகிதங்கள்தான் ஜாதகம்.

1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை இது. அன்று முதன்மையான எதிரி கண்புரை. புரையை எடுத்துவிட்டால் பார்வை திரும்பிவிடும். கிளாகோமாவில் போனது போனதுதான். பார்வை நரம்பில் இருக்கும் சுமார் பத்து லட்சம் இழைகளில் ஒன்று பட்டுப்போனாலும் மறுபடி துளிர்க்காது. ஓரப் பார்வை முதலில் தேயும். நடுப் பார்வை வெகுநாள் தாக்குப்பிடிக்கும். பேப்பர் படிக்கிறவர் வரப்பில் இடறுவார். 'வயசாயிருச்சு' என்று விட்டுவிடுவார்.

தென் தமிழகத்தின் மூன்று மாவட்டக் கிராமங்களில் 40 வயது தாண்டிய 5,150 பேரை அரவிந்த் குழு பரிசோதித்தது. 2003-ல் வெளியான முடிவின்படி, நூற்றுக்கு 2.6 பேருக்கு கிளாகோமா. அதில் திறந்த கோண வகை கண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஒரு கண்ணிலாவது பார்வை போயிருந்தது.

"முழுசாப் போயிருமா டாக்டர்? எத்தனை வருசம் தாங்கும்?" நோயாளியின் முதல் கேள்வி இதுதான். ஒரே பரிசோதனையை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது.

பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட்டில் ஒரு கண்ணை மூடி, தாடையைத் தாங்கியில் வைத்து, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். கிடைக்கும் மதிப்பெண் டெசிபலில் வரும். பூஜ்யம் என்றால் வயதுக்கேற்ற பார்வை. மைனஸ் 30-ஐ நெருங்கினால் ஏறக்குறைய இருட்டு. அறுபது வயது நோயாளிகள் இருவருக்கு மைனஸ் 8 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு அரை டெசிபல் இழப்பவர் எண்பதில் மைனஸ் 18-ல் நிற்பார். இரண்டு டெசிபல் இழப்பவர் அறுபத்தேழிலேயே மைனஸ் 22-க்குப் போய்விடுவார். இன்றைய ரிப்போர்ட் இருவருக்கும் ஒன்றேதான். பார்வை எந்த வேகத்தில் தேய்கிறது என்பதைப் பழைய ரிப்போர்ட்டுகள்தான் சொல்லும்.

இரவெல்லாம் தூங்காமல் வந்து உட்கார்ந்தாலும் மதிப்பெண் குறையும். அதனால்தான் புதிதாக நோய் கண்டவருக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் ஆறு தடவையாவது இந்தப் பரிசோதனை வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். நரம்பின் விளிம்பில் ரத்தக் கசிவு, மெல்லிய கருவிழி, முதுமை ஆகியவையும் வேகத்துக்கான அறிகுறிகள். இவற்றையெல்லாம் சேர்த்துக் கணிக்கக் கணினிகளையும் பழக்குகிறார்கள். அவற்றுக்கும் தீனி பழைய ரிப்போர்ட்டுகளே.

இந்த ஜாதகத்துக்குப் பரிகாரம் உண்டு. கண் அழுத்தம் ஒவ்வொரு அலகு குறையும்போதும் நோய் முற்றும் அபாயம் சுமார் பத்து சதவீதம் குறைகிறது என்று ஸ்வீடனில் நடந்த ஆய்வு காட்டியது. அதற்கான சொட்டு மருந்தை மதுரையிலேயே அரோலேப் நிறுவனம் தயாரிக்கிறது. வலியில்லை, கண்ணும் தெரிகிறது என்று பாதியில் நிறுத்துவதில்தான் ஆபத்து.

வீட்டில் ஒருவருக்கு கிளாகோமா இருந்தால், கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் உடனே பரிசோதித்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போது அந்த மஞ்சப்பையை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.