வட்டமும் நட்சத்திரமும்

தரையில் ஒரு வட்டம். நாற்றிசையிலும் நான்கு மெழுகுதிரிகள். நடுவே சிறு பலகை. அதன்மேல் நீரும் உப்பும், ஐந்து முனை நட்சத்திரம் பொறித்த தட்டும். வலமாகச் சுற்றி வட்டமிட்டவர், சடங்கு முடிந்ததும் அதனை முறைப்படிக் கலைத்துவிடுகின்றார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 'விக்கா' என்னும் நெறியினர் பலர் தம் அறையில் தனித்திருந்து இவ்வாறு செய்கின்றனர். கைப்பேசி வழியே இக்குறிகள் நம் பிள்ளைகளின் கண்ணிலும் படக்கூடும். ஆதலால் அறிந்து பேசுதல் நமக்குக் கடமை.

சூனியம் பற்றிய 1735ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டனில் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் ஜெரால்டு கார்டினர் என்பவர் ஒரு நூல் வெளியிட்டு, பண்டைச் சூனியக்காரரின் சமயம் இன்னும் அழியவில்லை என்றார். இளமையில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும், பின்னர் மலாயாவிலும் பணிபுரிந்தவர் இவர். ஆயினும் இச்சடங்குகள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டவை என்பதே வரலாற்றாசிரியர் பலரின் முடிவு.

வட்டமோ பழையது. 'சாலமோனின் திறவுகோல்' போன்ற மாந்திரீக ஏடுகளில் அது இறைவனின் திருப்பெயர்களோடு வரையப்பட்டது. அழைக்கப்பட்ட ஆவி உள்ளே புகாதிருக்கவே அந்த அரண். கார்டினர் இதனை மாற்றினார். உள்ளே எழும் ஆற்றல் சிதறாதிருக்கவே ஒன்பது அடி விட்டமுள்ள வட்டம் என்றார். 1988இல் ஸ்காட் கன்னிங்ஹாம் எழுதிய கையேடு, குழுவின்றித் தனியாகவே இவற்றைச் செய்யும் வழியைப் பலருக்குக் காட்டிற்று.

நட்சத்திரத்தின் நான்கு முனைகள் நிலம், நீர், தீ, காற்று. ஐந்தாவது ஆவி என்பர் அவர்கள். அதனைக் கண்டு நாம் நடுங்க வேண்டுவதில்லை. பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் காவியமொன்றில், காவேன் என்னும் வீரனின் கேடயத்தில் இதே குறி, நம் ஆண்டவரின் ஐந்து திருக்காயங்களை நினைவூட்டி நிற்கின்றது. கோடுகளில் தீமை குடியிருப்பதில்லை. அவற்றைக்கொண்டு மனிதன் எதை நாடுகின்றான் என்பதே வினா.

விக்கா நெறியினர் சாத்தானை வணங்குவோர் என்பது பொதுவாக உண்மையன்று. பொய் கூறி மெய்யைக் காக்க நமக்கு உரிமையில்லை. எனினும், மறைவான ஆற்றல்களைத் தன் வயப்படுத்த முயல்வது, பிறர் உடல்நலத்திற்காகவே ஆயினும், இறைப்பற்றுக்கு முரணானது எனத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2117) கற்பிக்கின்றது. செபிப்பவன் தன்னைக் கையளிக்கின்றான். மாந்திரீகம் செய்பவன் தன் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ள முனைகின்றான்.

இவ்வளவில் நாம் மகிழ்ந்துவிடலாகாது. செபமாலையை நீட்டி, "சாமி, மந்திரித்துத் தாருங்கள்" என்பது நம் வழக்கு. சொல் நல்லதே. ஆனால் மந்திரித்த உத்தரியத்தை அணிந்துகொண்டு பூசையை மறப்பவர், வாசலில் தீர்த்தம் தெளித்துவிட்டு அண்டை வீட்டாரோடு பகை வளர்ப்பவர், தாமும் ஒரு வட்டத்தையே வரைகின்றனர். மனநிலையின்றி வெளிச்செயலை மட்டும் நம்புதல் மூடநம்பிக்கை என்பதும் அதே நூலின் (எண் 2111) போதனை.

உங்கள் மகனோ மகளோ நோட்டுப் புத்தகத்தில் இக்குறியை வரைந்திருக்கக் கண்டால், உடனே கிழித்தெறியாதீர்கள். எந்த அச்சம், எந்த ஏக்கம் அங்கே கொண்டு சென்றது என அன்போடு கேளுங்கள். பதில் வரும்வரை அருகில் அமர்ந்திருங்கள். பின்னர், இருவரும் சேர்ந்து சிலுவை அடையாளம் வரைந்து, அந்த அச்சத்தை அதன் பெயர் சொல்லியே ஆண்டவரிடம் கூறுங்கள்.