கோடை விடுமுறையும் குழந்தைகளும்: ஏழு வீடு ஓடுவதா, ஒரு வீட்டில் தங்குவதா?

(நமது திருப்பதி நிருபர்)

கடைசிப் பரீட்சை முடிந்ததும் சித்தூரிலும் திருப்பதியிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுதான்: "எப்போது ஊருக்குப் போகிறோம்?" ஆந்திரத்தில் ஏப்ரல் கடைசி வாரத்தில் மூடும் பள்ளிகளை ஜூன் இரண்டாவது வாரத்தில்தான் திறக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஏறக்குறைய ஏழு வாரம் விடுமுறை. தகப்பனாருக்குக் கிடைக்கும் லீவோ ஏழு நாள். அதுவும் ஞாயிற்றுக்கிழமையைச் சேர்த்தால்தான் ஏழு.

இந்த ஏழு நாளில் அப்பா வழிப் பாட்டி வீடு, அம்மா வழிப் பாட்டி வீடு, பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமன், குலதெய்வம் கோயில், நடுவில் ஒரு காதுகுத்து என்று அத்தனையையும் முடித்துவிட நம்மவர்கள் திட்டம் போடுகிறார்கள். இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பிலும் ஆறு வயதுப் பையனைக் கையிலுமாகப் பிடித்துக்கொண்டு, பஸ் மாறி, ரயில் மாறி, ஏழு வீட்டில் ஏழு இரவு. திரும்பி வரும்போது குழந்தைக்குப் பேதி, தாய்க்குக் காய்ச்சல், தகப்பனாருக்குக் கடன். "யாரையெல்லாம் பார்த்தாய்?" என்று பையனைக் கேட்டால், மாமா வீட்டு ஆட்டுக்குட்டியைத் தவிர வேறொன்றும் அவனுக்கு ஞாபகம் இல்லை.

சிறு குழந்தைகள் உள்ளவர்கள் இப்படி அலைவதைவிட ஒரே வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டு வருவதே மேல் என்பது, ஆண்டுதோறும் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து இந்தக் கூட்டத்தைப் பார்க்கிற என் போன்றோரின் அபிப்பிராயம்.

ஊர் அங்கேயே, எல்லை மட்டும் மாறியது

இந்தப் பக்கத்துத் தமிழர்கள் எல்லோரும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் அல்ல. சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 ஆம் தேதி உருவானபோது அதன் ஒரு பகுதி வட ஆர்க்காட்டிலிருந்து எடுக்கப்பட்டது. 1953 இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது மாவட்டம் அங்கே போயிற்று. ம.பொ.சி. முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்திற்குப் பின், படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்தது. பள்ளிப்பட்டும் உடன் சேர்ந்தது. நகரியும் புத்தூரும் இந்தப் பக்கமே நின்றன. 2022 ஏப்ரல் 4 ஆம் தேதி திருப்பதியும் சித்தூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிவிட்டது.

ஆகவே, அக்காள் திருத்தணியில், தங்கை நகரியில் என்று ஒரே குடும்பம் இரண்டு மாநிலத்தில் இருப்பது இங்கே சகஜம். அவர்களுக்கு ஊருக்குப் போவது அரை மணி நேரப் பிரயாணம். ஆனால் திருவண்ணாமலை, விழுப்புரம், அதற்கும் தெற்கே உள்ள ஊர்களிலிருந்து வந்து இங்கே தறியிலும் ஹோட்டலிலும் கடையிலும் ஆபீசிலும் உழைப்பவர்களுக்கு அது ஒரு நாளை விழுங்கிவிடும்.

திருப்பதியிலிருந்து தெற்கே இறங்க இரண்டு வழி. ஒன்று, ரேணிகுண்டா, புத்தூர், திருத்தணி வழியாக அரக்கோணம். மற்றொன்று, பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடி. அங்கிருந்து வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம். இந்த இரண்டாவது வழியில் திருப்பதிக்கும் காட்பாடிக்கும் இடையே 104 கிலோமீட்டர். ஒரு காலத்தில் மீட்டர் கேஜாக இருந்தது. இப்போது அகலப் பாதை. ஆனாலும் ஒற்றை வழிப் பாதை. எதிரே ஒரு வண்டி வந்தால் நம் வண்டி ஏதாவது ஒரு ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்கத்தான் வேண்டும். இதை இரட்டைப் பாதையாக்க மத்திய அமைச்சரவை 2025 ஏப்ரலில் ரூ.1,332 கோடிக்கு அனுமதி அளித்தது. வேலை முடிகிற வரையில், கைக்குழந்தையோடு போகிறவர்கள் காட்பாடியில் அடுத்த வண்டிக்கு இருபது நிமிஷம் மட்டும் வைத்துக்கொண்டு புறப்படுவது நல்லதல்ல. இரண்டு மணி நேரமாவது விட்டுக்கொள்ளுங்கள்.

டிக்கெட் விஷயம்

"பையனுக்கு என்ன வயசு?" என்று கேட்டால், "நாலே முக்கால்" என்று தகப்பனார் சொல்லி வாய் மூடுவதற்குள், "இல்லப்பா, எனக்கு ஆறு!" என்று பையன் ஜன்னலுக்குக் கீழேயிருந்து குரல் கொடுப்பான். கோடையில் தவறாமல் நடக்கிற வேடிக்கை இது. விதி என்னவென்று தெரிந்துகொண்டால் சங்கடம் இல்லை.

ஐந்து வயது நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம். ஐந்திலிருந்து பன்னிரண்டு நிறையும் வரை, ஸ்லீப்பரில் பெற்றோரோடு படுக்கையைப் பகிர்ந்துகொண்டால் அரைக் கட்டணம். தனிப் படுக்கை வேண்டுமானால் முழுக் கட்டணம். 2016 ஏப்ரல் 21 முதல் இதுதான் நடைமுறை. முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாக 2024 நவம்பர் 1 முதல் குறைத்துவிட்டார்கள். மே முதல் வாரத்தில் புறப்படுகிறவர் மார்ச் முதல் வாரத்திலேயே எழுந்திருக்க வேண்டும். மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தாத்தா பாட்டியை உடன் அழைத்துச் செல்கிறவர்கள் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

பஸ்ஸில் போகும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திர அரசின் சாதாரண, எக்ஸ்பிரஸ் பஸ்களில் மாநிலப் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் மாநிலம் தாண்டும் பஸ்களுக்கு இது பொருந்தாது. வேலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டு கண்டக்டரோடு வாதாடிப் பயனில்லை.

கூட்டத்தில் குழந்தை கை நழுவுவது ஒரு நொடி வேலை. சட்டைப் பையில் பெற்றோரின் பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டை வைத்துத் தைத்துவிடுங்கள். ரயிலில் உதவிக்கு 139, எங்கேயும் குழந்தைகளுக்கான உதவிக்கு 1098. இவற்றைப் பெரிய பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்துவைப்பது பாட்டுச் சொல்லித் தருவதைவிட அவசியம்.

வெயிலும் வயிறும்

மே 4 வாக்கில் கத்திரி பிறந்துவிட்டால் திருப்பதியில் வெயில் 104 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. ஜன்னலோரம் உட்கார்ந்த குழந்தைக்கு அனல் காற்று; போதாததற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தண்ணீர், ஒரு எண்ணெய்ப் பலகாரம். ஏழு வீடு ஓடுகிறவர்களின் குழந்தைக்குத்தான் வயிறு கெடுகிறது என்பதில் ஆச்சரியம் என்ன? வழிக்குத் தயிர் சாதம் வேண்டாம், நண்பகலுக்குள் புளித்துவிடும். மிளகாய்ப் பொடி தடவிய இட்லி, புளியோதரை, வீட்டில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் போதும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலே தண்ணீரும் ஆகும்.

பேதி கண்டுவிட்டால் உயிரை வாங்குவது உடம்பில் நீர் வற்றுவதுதான். 1971 வங்கதேசப் போரின்போது, பன்கான் அகதி முகாமில் காலராவால் மக்கள் மடிந்தார்கள். ஊசி வழியே ஏற்றும் மருந்து தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகாலநபீஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பீப்பாயில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்கும். கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், கரண்டியின் தலையைத் தட்டி அளந்து கரைத்து, சிறிது சிறிதாகப் புகட்டலாம். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகாது. உரிய அளவுப்படி இல்லாதவை அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. குழந்தை துவண்டாலும் சிறுநீர் கழிக்காவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

நம் வீட்டுக்கு வருகிறவர்கள்

திருப்பதியில் குடியிருப்பவருக்கு இன்னொரு பாக்கியமும் உண்டு. நாம் போகாவிட்டால் அவர்கள் வந்துவிடுவார்கள்! "குழந்தைக்கு முடி இறக்கணும். தாய்மாமன் நீதானே? உன் மடியில் உட்காரவைத்துத்தானே எடுக்கணும்" என்று ஒரு போன் வந்தால் மறுக்க முடியுமா? இரண்டு அறை வீட்டில் பதினொரு பேர் படுக்கிறார்கள். உள்ளூர்க்காரனுக்குத் தரிசனம் சுலபம் என்று எண்ணிக்கொண்டு வருகிறார்கள். 2024 டிசம்பரில் உள்ளூர்வாசிகளுக்கு மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை என்று தரிசனம் ஏற்பட்டது உண்மை. ஆனால் அது இந்த ஊர் விலாசத்தில் ஆதார் உள்ளவர்களுக்கு. மச்சானின் விலாசம் மைத்துனருக்கு உதவாது.

அப்படி வரும் உறவினருக்கு முன்கூட்டியே எழுதுங்கள், அல்லது போன் செய்யுங்கள். முந்நூறு ரூபாய் டிக்கெட் மூன்று மாதம் முன்பே இணையத்தில் விற்றுப்போகிறது. ஒரு வயது நிறையாத குழந்தையோடு வரும் பெற்றோருக்கு சுபதம் வழியாகத் தனி வரிசை உண்டு. பிறப்புச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். இலவசத் தரிசனச் சீட்டுக்காகக் கைக்குழந்தையைக் கூட்டத்தில் தூக்கிப் போக வேண்டாம். 2025 ஜனவரி 8 ஆம் தேதி வைகுண்ட ஏகாதசிச் சீட்டு வாங்கத் திரண்ட நெரிசலில் ஆறு பேர் உயிரிழந்ததை இவ்வூர் மறக்கவில்லை.

நடந்து ஏறுவதாக வேண்டுதல் இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அலிபிரிப் பாதையில் சுமார் 3,550 படிகள். 2023 ஆகஸ்டில் இந்தப் பாதையில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதன் பிறகு பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களைப் பிற்பகல் 2 மணிக்கு மேல் அனுமதிப்பதில்லை என்று தேவஸ்தானம் விதி செய்தது. காலையில் ஏறுங்கள்; பிள்ளைகளை முன்னே ஓடவிடாதீர்கள்.

மலைக்குப் போய் வந்த மறுநாளே உறவினரை ரயில் ஏற்றிவிடாமல், இரண்டு நாள் இருக்கச் சொல்லுங்கள். வேங்கடேஸ்வரா மிருகக்காட்சி சாலை உண்டு, சந்திரகிரிக் கோட்டை உண்டு. மே மாதத்தில் தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரை வேறு. ஆண்கள் பெண் வேடம் கட்டி வருவதைக் குழந்தைகள் வாய் பிளந்து பார்க்கும். கங்கம்மா ஏழுமலையானின் தங்கை என்பது ஐதீகம். ஜாத்திரைக்கு மலையிலிருந்து சேலையும் மஞ்சள் குங்குமமும் சீராக வருகின்றன. சாமியே தங்கைக்குச் சீர் அனுப்புகிற ஊரில் இருந்துகொண்டு, நாம் அக்காள் தங்கை வருவதற்கு முகம் சுளிக்கலாமா?

அம்மம்மாவும் அப்பாயியும்

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம். நம் பிள்ளைகள் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ படிக்கிறார்கள். தெருவில் தெலுங்கில் விளையாடுகிறார்கள். பிழைக்கிற ஊரின் பாஷையைக் கற்பது நல்லதே. ஆனால் ஊருக்குப் போன இடத்தில், "அம்மம்மா, நீள்ளு காவால" என்று குழந்தை கேட்க, கிழவி விழிக்க, சுற்றியிருப்பவர்கள் சிரிக்க, குழந்தை அப்புறம் வாயே திறப்பதில்லை. இரண்டாம் நாள் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறோம். மறு வருஷம் பையன், "நான் வரல" என்கிறான்.

தமிழிலும் தெலுங்கிலும் சொற்கள் வேறானாலும் உறவு முறை ஒன்றுதான். 1871 இல் அமெரிக்க அறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன் இந்த இரு மொழிகளின் உறவுச் சொற்களைத் தம் நாட்டுப் பழங்குடிகளான செனகா மக்களின் சொற்களோடு ஒப்பிட்டு, அமைப்பு ஒத்திருப்பதைக் கண்டு வியந்து எழுதினார். தாயின் சகோதரியும் தாய். தகப்பனின் சகோதரனும் தகப்பன். அவர்கள் பிள்ளைகள் நமக்கு உடன்பிறந்தவர்கள். மாமன் பிள்ளையும் அத்தை பிள்ளையும் வேறு முறை. இத்தனையையும் "அங்கிள், ஆன்ட்டி" என்ற இரண்டே சொல்லில் மூட்டை கட்டிவிட்டால், யார் நமக்கு என்ன வேண்டும் என்பது பிள்ளைக்கு எப்படி விளங்கும்?

இதைப் புத்தகம் வைத்துச் சொல்லித் தர முடியாது. அப்பாயியின் பக்கத்தில் பாயில் படுத்து, சித்தப்பா பிள்ளைகளோடு சண்டை போட்டு, சமாதானமாகி, ஒரே தட்டில் மாம்பழம் தின்றால் தானாக வரும். முதல் இரண்டு நாள் குழந்தை தாயின் புடவைக்குப் பின்னால் ஒளியும். மூன்றாம் நாள் முற்றத்துக்கு வரும். ஐந்தாம் நாள் தமிழில் திட்டவும் கற்றிருக்கும். ஓடுகிறவர்களுக்கு அந்த மூன்றாம் நாள் வருவதே இல்லை.

ஆகவே இந்த வருஷம் அப்பா வழி வீடு, அடுத்த வருஷம் அம்மா வழி வீடு என்று முறை வைத்துக்கொள்ளலாம். மற்ற உறவினரை அந்த வீட்டுக்கே வரச் சொல்லலாம். ஆளுக்கு ஒரு லட்டு என்று ஐம்பது ரூபாய் வீதம் இருபது வாங்கி, வழியில் பாதி உதிர்த்துக்கொண்டு போகும் செலவும் குறையும். லீவு போதாவிட்டால் தகப்பனார் முன்னால் திரும்பட்டும். தாயும் பிள்ளைகளும் பத்து நாள் இருந்து வரட்டும். கோபித்துக்கொள்ளும் உறவினர் சிலர் இருப்பார்கள்தான். அவர்களுக்கு ஒரு போன் செய்து, "அடுத்த கோடை உங்கள் வீட்டில்தான்" என்று சொல்லிவிடுங்கள். சொன்னபடி போகவும் செய்யுங்கள்.