கேரியர் இருந்த சைக்கிள்

புனே மாநகராட்சி 1950இல் அமைந்தது. மறு ஆண்டு எடுத்த மக்கள்தொகைக் கணக்கின்படி நகரில் இருந்தவர்கள் ஐந்து லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரம், கோடையிலும் மாலையில் தணிந்துவிடும் வெயில், கையடக்கமான ஊர். சதாசிவ் பேட்டில் அறை எடுத்திருந்த மாணவர் முத்தா ஆற்றைக் கடந்து ஃபெர்கூசன் கல்லூரிக்குப் போகக் கால்மணி நேரம் மிதித்தால் போதும். பேராசிரியரும் சைக்கிளில்தான் வந்தார், கல்லூரி மாணவியும் சைக்கிளில்தான் வந்தார். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும் தேஹு ரோடு ராணுவக் கிடங்குகளுக்கும் ஷிப்டு நேரத்தில் சைக்கிள்கள் வரிசையாகப் போயின. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து அங்கேயே குடியமர்ந்தவர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள். இந்தியாவின் சைக்கிள் நகரம் என்ற பெயர் புனேக்கு இப்படி வந்தது.

2011 கணக்கில் மாநகராட்சி எல்லைக்குள் 31 லட்சம் பேர். 2021இல் மேலும் 23 கிராமங்களைச் சேர்த்துக்கொண்டபின் பரப்பு 516 சதுர கிலோமீட்டர். வேலை ஊரோரத்து ஹிஞ்சவடிக்கும் கராடிக்கும் போய்விட்டது, வீடு வேறு திசையில் இருக்கிறது. 2018 வசந்தத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வெளியிட்ட எண்ணிக்கை நாடு முழுவதும் செய்தியானது: பதிவான வண்டிகள் 36 லட்சத்துக்கு மேல், மக்கள் ஏறத்தாழ 35 லட்சம். ஆளைவிட வண்டி மிகுந்த ஊர்.

சைக்கிளை ஓரத்துக்குத் தள்ளிய வண்டிகளும் இந்த வட்டாரத்து முதலாளிகளே செய்தவை. ஆகுர்டி ஆலையில் பஜாஜின் சேத்தக் ஸ்கூட்டர் 1972இல் பிறந்தது. அதே காலத்தில் ஃபிரோதியா குடும்பத்தின் கைனடிக் நிறுவனம் லூனா மொபெட்டைக் கொண்டுவந்தது. ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். லூனா சீக்கிரம் கிடைத்தது, விலையும் குறைவு. அதில் ஏறியவர்களில் பெண்கள் நிறையப் பேர். பதினைந்து கிலோமீட்டர் தள்ளிப் படிக்கவும் வேலை பார்க்கவும் போய், இருட்டுவதற்குள் வீடு திரும்ப அந்தச் சின்ன எஞ்சின் வழிசெய்தது. இதை இழப்புக் கணக்கில் எழுத எனக்கு மனம் வராது. ஆனால் நீண்ட தூரத்துக்கென்று வாங்கிய வண்டியைத் தெருமுனைப் பால்கடைக்கும் எடுக்கத் தொடங்கினோம். புனே விட்டுவிட்ட சைக்கிள் பயணங்களில் பெரும்பகுதி இந்தக் குட்டிப் பயணங்கள்தான் என்பது என் எண்ணம்.

அன்றைய சைக்கிளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கர்வே நகரில் விக்ரம் பெண்ட்ஸே அமைத்திருக்கும் சைக்கிள் அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம்; இரண்டாம் உலகப்போரில் பாராசூட் வீரர்களுக்காகச் செய்த, மடித்துக் கொண்டுபோகும் பிஎஸ்ஏ சைக்கிளும் அங்கே இருக்கிறது. சாதாரண வண்டி என்றால் இரும்புச் சட்டம், 28 அங்குலச் சக்கரம், முன்னால் 32 கம்பி, பின்னால் 40 கம்பி, எடை இருபது கிலோ அளவில். லூதியானாவின் ஹீரோ, சோனிபட்டின் அட்லஸ், 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் நம் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் என நாடெங்கும் ஓடியவை எல்லாம் ஏறத்தாழ ஒரே அச்சு. இரண்டு சக்கரத்துக்கும் மட்கார்டு. சங்கிலியை முழுக்க மூடிய செயின் கவர். புடவை சிக்காமல் இருக்க வலை. பின்னால் கேரியர், கீழே ஸ்டாண்டு, டயரில் உரசி விளக்கெரிக்கும் டைனமோ. இவை எதுவும் அழகுக்கு வைத்தவை அல்ல. மட்கார்டு இருந்ததால் ஜூன் மாத மழையிலும் சட்டை நனையாமல்—சேறு படாமலாவது—அலுவலகம் போக முடிந்தது. கேரியர் இருந்ததால் மகாத்மா பூலே சந்தையிலிருந்து ஒரு வாரக் காய்கறி வீடு வந்தது. செயின் கவருக்குள் இருந்த தடித்த சங்கிலி மழையையும் மண்ணையும் பார்க்காமல் பல ஆண்டுகள் உழைத்தது.

இன்று புனேயில் விற்கும் நல்ல சைக்கிள்கள் எட்டு, பத்து கிலோவுக்குள் வருகின்றன. கியர் இருபதுக்கு மேல். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக் ஒரே விரலில் நிற்க வைக்கும். சிங்ஹகட் மலைக்கோட்டை ஏற்றத்தை ஐம்பது வயதுக்காரரும் ஏற முடிகிறதென்றால் அந்தக் கியர்களுக்கு அதில் பங்குண்டு. பழைய வண்டியில் இறங்கித் தள்ளியிருப்பார். எடை குறைக்க முதலில் கழற்றியவை மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர். அதனால் ஒரு லட்சம் ரூபாய்ச் சைக்கிள் வீட்டில் இருந்தும் அரைக்கிலோ தக்காளி வாங்க ஸ்கூட்டரை எடுக்க வேண்டியிருக்கிறது. சைக்கிள் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற பேச்சு இந்த இடத்தில்தான் பொருளிழக்கிறது. ஒரு மோட்டார் பயணத்துக்குப் பதிலாக மிதிக்கும்போதுதான் சைக்கிள் புகையைக் குறைக்கிறது. பயணத்தோடு கூடுதலாக மிதித்தால் உடம்புக்கு நல்லது, அவ்வளவே.

ஞாயிறு விடியற்காலையில் காரின் பின்புறத் தாங்கியில் சைக்கிள்களை மாட்டிக்கொண்டு மலையடிவாரம் போவது இப்போது வழக்கமாகியிருக்கிறது. ஊரிலிருந்து சிங்ஹகட் முப்பது கிலோமீட்டர் அளவில். போக வர அறுபது கிலோமீட்டருக்கு லிட்டருக்குப் பதினைந்து கொடுக்கும் கார் நான்கு லிட்டர் பெட்ரோல் குடிக்கும். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு, ஆக ஒன்பது கிலோவுக்கு மேல். ஐரோப்பிய சைக்கிள் கூட்டமைப்பு 2011இல் போட்ட கணக்கில், சைக்கிள் செய்வதற்கும் மிதிப்பவர் கூடுதலாக உண்ணும் உணவுக்கும் சேர்த்தே ஒரு கிலோமீட்டருக்கு 21 கிராம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காரின் புகையில் நானூறு கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் மிதித்துவிடலாம். வீட்டு வாசலிலிருந்தே மிதித்துப் போகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். நான்கு மணிக்கு எழுந்து, விளக்கைப் பொருத்திக்கொண்டு கிளம்பும் அவர்கள் மீது எனக்குத் தனி மதிப்பு.

பழுது பார்ப்பதிலும் காலம் மாறியிருக்கிறது. அன்று பஞ்சர் என்றால் தெருவோரக் கடையில் டியூபை உருவி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைப் பென்சிலால் குறித்து, உப்புத்தாள் தேய்த்து, பழைய டியூபில் வெட்டிய துண்டைச் சொல்யூஷன் தடவி ஒட்டுவார்கள். ஒரே டியூபில் பத்து ஒட்டு இருக்கும். கோட்டம் விழுந்த சக்கரத்தைக் கம்பி கம்பியாக முறுக்கி நேராக்குவார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஓவராயில்: பால்ஸ் மாற்றி, கிரீஸ் வைத்தால் வண்டி மறுபடி புதிது. தேய்ந்த டயர் செருப்பின் அடியானது, சிறுவர்கள் உருட்டி விளையாடும் வண்டியானது. அங்கும் அழுக்கு இல்லாமல் இல்லை. சங்கிலி கழுவிய மண்ணெண்ணெயும் கழிவெண்ணெயும் சாக்கடை வழியே முத்தாவுக்குப் போயின. யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. இன்று தண்ணீரில் மக்கக்கூடிய கழுவுநீர்மங்கள் கிடைக்கின்றன. சங்கிலிக்கு மெழுகு பூசுகிறவர்கள் எண்ணெயையே விட்டுவிட்டார்கள். இது நல்ல வளர்ச்சி.

ஆனால் வழியில் பஞ்சரானால் பையிலிருந்து 16 கிராம் கரியமில வாயு அடைத்த இரும்புக் குப்பியை எடுத்துத் திருகிக் காற்றேற்றுகிறார்கள், குப்பியை வீசிவிடுகிறார்கள். முன்பு அதற்குக் கைப்பம்பு இருந்தது. மெல்லிய சங்கிலியைச் சில ஆயிரம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். இரும்புச் சட்டம் முறிந்தால் பற்றவைக்கலாம், முடியாதபோது உருக்கலாம். கார்பன் இழைச் சட்டத்தைப் பிசினோடு இறுக்கிவிட்டபின் உருக்க வழியில்லை. அதைச் சீராக்கத் தெரிந்தவர்களும் மிகச் சிலர். பேட்டைகளில் பழைய பழுதுக்கடைகள் குறைந்து வருகின்றன. பழைய அச்சு வண்டிகளின் பெரிய பெயர்களில் ஒன்றான அட்லஸ், தன் சாகிபாபாத் ஆலையை மூடியது 2020 ஜூன் 3ஆம் தேதி. அன்று உலக சைக்கிள் தினம்.

அன்று சைக்கிளுக்கென்று தனிப் பாதை கிடையாது, தேவையும் இருக்கவில்லை, சாலையே சைக்கிளுடையது. 2006 டிசம்பரில் சாத்தாரா சாலையில் பேருந்துக்குத் தனித்தடம் போட்டபோது பக்கத்தில் சைக்கிள் பாதையும் அமைத்தார்கள். பின்னர் பல இடங்களில் அந்தப் பாதைகளில் கடையும் மின்கம்பமும் நிறுத்திய வண்டியும் வந்துவிட்டன. 2017 டிசம்பரில் மாநகராட்சி விரிவான சைக்கிள் திட்டமொன்றை ஏற்றது: 800 கிலோமீட்டருக்கு மேல் பாதைகள், நூறு பயணங்களில் சுமார் மூன்றாக இருந்த சைக்கிளின் பங்கை 2031க்குள் 25 ஆக்குவது. அதே மாதம் ஔந்திலும் பல்கலைக்கழக வளாகத்திலும் கைப்பேசியில் பூட்டுத் திறக்கும் வாடகைச் சைக்கிள்கள் வந்தன. அடுத்த ஆண்டு மொபைக் நிறுவனம் இந்தியாவில் முதன்முதலாகப் புனேயில் கால்வைத்தது. சில ஆண்டுகளில் அவை பெரும்பாலும் மறைந்தன. திருட்டும் சேதமும் காரணமாகச் சொல்லப்பட்டன. பழைய மணிக்கணக்கு வாடகைக் கடைக்காரருக்கு வண்டி எடுத்தவரின் முகமும் வீடும் தெரியும். செயலிக்கு எண் மட்டும்தான் தெரியும்.

2026 ஜனவரியில் புனேயில் ஐந்து நாள், 437 கிலோமீட்டர் பன்னாட்டுச் சைக்கிள் பந்தயம் நடந்தது, பஜாஜின் பெயரைத் தாங்கி. ஊரே சாலையோரம் நின்று பார்த்தால் சைக்கிள் மீது ஆசை வரும். அந்த ஆசைக்கு மறுநாள் காலை போகப் பாதை வேண்டும். 2022 மார்ச்சில் ஓடத் தொடங்கிய மெட்ரோ சைக்கிளைப் பெட்டிக்குள் ஏற்றிக்கொள்ள அனுமதிக்கிறது. வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையே உள்ள இரண்டு மூன்று கிலோமீட்டரைப் பிடித்துவிட்டால் திட்டத்தில் எழுதிய 25 எட்டாத எண்ணாக இராது. அதற்கு ஒவ்வொரு நிலைய வாசலிலும் மழை படாத நிறுத்துமிடம், சட்டத்தோடு சேர்த்துப் பூட்ட இரும்புக் கம்பி, ஒரு கைப்பம்பு, பஞ்சர் ஒட்டத் தெரிந்த ஒருவருக்கு உட்கார நான்கடி இடம் வேண்டும்.