'சில'ன்னா எத்தனை?

செங்கல்பட்டு ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்துல உட்கார்ந்து, வங்கித் தேர்வுக்கான ஒரு மாக் டெஸ்ட்டோட விடைகளைச் சரிபார்த்துட்டு இருந்தேன். ரீசனிங்ல 5 சிலாஜிசம் கேள்வி, அதுல 3 தப்பு. மூணுக்கும் காரணம் ஒரே சொல், 'சில'. ஒரு தப்புக்குக் கால் மார்க் குறைப்பாங்க. வரவேண்டிய மூணும் வரல, கையில இருந்த முக்காலும் போச்சு. கட்-ஆஃப்பைக் கால் மார்க்ல விட்டவங்களுக்கு இந்த வலி தெரியும். போன வருஷம் நான் அப்படி விட்டவன்.

மாமல்லபுரத்தை வச்சு யோசிச்சா இது சுலபமா புரியும். பஞ்ச ரதங்கள் அஞ்சுமே பாறையைச் செதுக்கினவை. கல் அடுக்கிக் கட்டினது அதுல ஒண்ணுகூட இல்ல. அதைப் பார்க்கணும்னா கடற்கரைக் கோயிலுக்குப் போகணும். இப்போ நான், "சில ரதங்கள் பாறையில் செதுக்கப்பட்டவை"ன்னு சொன்னா அது உண்மையா, பொய்யா?

"அப்போ மத்த ரதம்?"னு உடனே கேட்பீங்க. பேச்சுல அது நியாயம்தான். எல்லாம்னு தெரிஞ்சவன் எதுக்கு 'சில'ன்னு சொல்லப்போறான்? சொல்லாம விட்டதிலிருந்தும் நாம அர்த்தம் எடுத்துக்கிறோம். பால் கிரைஸ்ங்கிற தத்துவவாதி 1975ல வெளியான ஒரு கட்டுரையில விளக்கினது இந்தப் பழக்கத்தைத்தான்.

தேர்வுல அந்த உரிமை நமக்குக் கிடையாது. அங்க 'சில'ன்னா குறைஞ்சது ஒண்ணு. எல்லாமாவும் இருக்கலாம். அதனால அந்த வாக்கியம் உண்மை. ஆனா அதை மட்டும் வச்சு, "சில ரதங்கள் செதுக்கப்பட்டவை அல்ல"ன்னு முடிவுக்கு வந்தா கால் மார்க் காலி.

'சில மட்டுமே' வேற ஆள். பீச்சுல கிளம்புற மின்சார ரயில்ல சிலது தாம்பரத்தோட நின்னுடும், சிலது செங்கல்பட்டு வரை வரும். "சில ரயில்கள் மட்டுமே செங்கல்பட்டு வரும்"னா உள்ளே ரெண்டு கூற்று இருக்கு: சிலது வரும், சிலது நிச்சயமா வராது. அதனால, "எல்லா ரயிலும் செங்கல்பட்டு வர வாய்ப்பு உண்டு"ங்கிற முடிவு வெறும் 'சில'வுக்குச் சரி, 'சில மட்டுமே'வுக்குத் தப்பு. நான் கோட்டைவிட்ட மூணுல ரெண்டு இந்த ரகம்.

தமிழ்ல எழுதுறவங்களுக்கு இன்னொரு பள்ளமும் இருக்கு. "எல்லாரும் வரல"ன்னா ஒருத்தருமே வரலையா, இல்ல சிலபேர் மட்டும் வந்தாங்களா? வீட்டுல அம்மா சொன்னா குரலை வச்சே புரிஞ்சிடும். வினாத்தாளுக்குக் குரல் ஏது? 'எல்லா'வும் 'இல்லை'யும் ஒரே வாக்கியத்துல வந்தா நான் அப்படியே நின்னுடுவேன். இருமொழித் தாளா இருந்தா இங்கிலீஷ் வடிவத்தையும் ஒருதடவை பார்த்துட்டுத்தான் விடை போடுறேன்.

அடுத்த மாக் டெஸ்ட்ல அஞ்சுக்கு நாலு சரி. அஞ்சாவதுல 'பெரும்பாலான' வந்து மாட்டிவிட்டுடுச்சு. அதை அடுத்த எபிசோட்ல பேசுவோம்.