நாலாவது அட்டெம்ப்டில் ஜெயித்த டாக்டர்

ஒரு அரியர் விழுந்தாலே மூலையில் முடங்கிவிடுகிறோம். சிலி நாட்டு சால்வடார் அலெண்டே 1952, 1958, 1964 என்று மூன்று ஜனாதிபதி தேர்தல்களில் தோற்றவர். 1970-ல் நாலாவது அட்டெம்ப்டில் ஜெயித்தார்!

இவர் ஒரு டாக்டர். நம்மைப் போலவே மாணவர் சங்கத்தில் இருந்தவர். படிப்பு முடிந்ததும் கிடைத்தது பிரேதப் பரிசோதனை வேலை. ஏழைகளைச் சாகடிப்பது வியாதி மட்டுமல்ல, அரைப்பட்டினியும் குறைந்த கூலியும் நெருக்கடியான வீடும்தான் என்று 1939-ல் புத்தகமே எழுதினார். அதே ஆண்டு சுகாதார மந்திரியும் ஆனார்.

ஜனாதிபதியானதும் குழந்தைகளுக்குத் தினம் அரை லிட்டர் பால் இலவசமாகக் கொடுத்தார். 1971-ல் அமெரிக்கக் கம்பெனிகளின் பெரிய செம்புச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கினார். எதிர்க்கட்சிகளும் சேர்ந்தே ஓட்டுப் போட்டன. ஆனால் விலைவாசி ஏறியது, தட்டுப்பாடு, ஸ்டிரைக். அமெரிக்காவும் நெருக்கியது. 1973 செப்டம்பர் 11-ல் ராணுவம் ஜனாதிபதி மாளிகை மேல் குண்டு போட்டது. அவர் சரணடையவில்லை, உள்ளேயே உயிரை மாய்த்துக்கொண்டார். அவரைக் கவிழ்த்தவர்கள்கூட அந்தச் சுரங்கங்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். என் தங்கை கடுங்காப்பி குடித்து வளர்ந்தவள். அரை லிட்டர் பால் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். லேபில் செம்புக் கம்பி சுற்றும்போதெல்லாம் அந்த டாக்டர் ஞாபகம்தான் வருது.