உங்களுக்குத் தெரியுமா? வங்காளப் பேய்களும் ஓரத்து ஆசாமிகளும்

நம் ஊர்ப் பேய்க்கு ஒரு வெள்ளைப் புடவை, தலை நிறைய மல்லிகைப்பூ, தீர்ந்தது வேலை. கொல்கத்தாக்காரர்கள் அவ்வளவு சுலபமாக விடமாட்டார்கள். செத்தவர் என்ன சாதி, என்ன தொழில், கல்யாணம் ஆனதா, எதை விரும்பிச் சாப்பிட்டார் என்று விசாரித்துவிட்டுத்தான் பேய்க்குப் பெயர் வைப்பார்கள். அதனால்தான் அங்கே கதாநாயகனைவிட, ஓரமாக வந்துபோகிறவர்களிடம் சுவை அதிகம்.

● மீனுக்காகவே அலையும் பேய் உண்டு, மேச்சோ பூத். சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு இருட்டில் தனியாகத் திரும்புகிறவரின் பின்னாலேயே வந்து, கொடுத்துவிட்டுப் போ என்று மூக்கால் கெஞ்சும். கேட்காவிட்டால் மிரட்டும். (வங்காளத்தில் பேய் என்றாலே மூக்கால்தான் பேசும்.) அதன் கண் கழுத்தில் இல்லை, பையில். இலிஷ் மீன் இன்று விற்கிற விலைக்கு, உயிரோடு இருப்பவர்களே அப்படிப் பின்னால் வரக்கூடும்.

● கல்யாணம் ஆகாமல் இறந்தவள் பெத்னி. ஆன பிறகு இறந்தவள் சாக்சுன்னி. இவள் கையில் சங்கு வளையல் இருக்கும், அங்கே சுமங்கலியின் அடையாளம் அதுதான். வசதியான வீட்டு மருமகளைப் பிடித்து, அவள் இடத்தில் தான் அமர்ந்து கொஞ்ச நாள் குடும்பம் நடத்திப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் ஆசை.

● ராத்திரியில் பெயர் சொல்லிக் கூப்பிடும் ‘நிசி’ இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது. மூன்றாவது குரலுக்குக் கதவைத் திறக்கலாம், வந்திருப்பது மனிதர்தான். சதுப்பு நிலத்தில் மீனவர்களை வழி தவறவிடும் ‘ஆலேயா’ வேறு யாருமில்லை, நம்ம கொள்ளிவாய்ப் பிசாசு.

● தலையில்லாத ‘ஸ்கந்தகாட்டா’ பெரும்பாலும் ரயிலில் அடிபட்டுச் செத்தவர் என்பார்கள். ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் ரயில் ஓடியது 1854 ஆகஸ்ட் 15. அதற்கு முன்னால் இந்தப் பேய்க்கு வேறு காரணம் சொல்லியிருக்கவேண்டும்!

● பேயை முகம்பார்க்கும் கண்ணாடியால் பிடித்த நாவிதரைத் தெரியுமா? லால் பிகாரி தே 1883இல் வெளியிட்ட வங்காள நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் இருக்கிறார். சோம்பேறி. வீட்டில் துடைப்ப அடி வாங்கிக்கொண்டு வெளியேறி, பேய் குடியிருக்கும் மரத்தடியில் உட்காருகிறார். பேய் வந்து நின்றதும் தொழில் பெட்டியிலிருந்து கண்ணாடியை எடுத்து நீட்டுகிறார்: ஒன்றை ஏற்கெனவே பிடித்துப் பைக்குள் போட்டிருக்கிறேன், அடுத்தது நீ. தன் மூஞ்சியைத் தானே பார்த்து நடுங்கிய பேய், பொற்காசு கொண்டுவந்து கொட்டுகிறது. அப்புறம் அதன் மாமா வருகிறார், மருமகனை முட்டாள் என்று திட்டிக்கொண்டே. அவருக்கும் அதே கண்ணாடி, அதே கதி.

● உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரியின் குழந்தைகள் கதை ஒன்றில் இன்னொருவர், பலகாரப் பிரியரான நெசவாளி. ஏழு பிட்டா பலகாரங்களோடு மரத்தடியில் உட்கார்ந்து, ஒன்றைத் தின்னட்டுமா, இரண்டைத் தின்னட்டுமா, ஏழையுமே தின்றுவிடட்டுமா என்று வாய்விட்டு யோசிக்கிறார். மரத்தின்மேல் இருந்ததும் ஏழு பேய்கள்தான். தங்களைத்தான் சொல்கிறார் என்று பதறி, மாயப் பானை ஒன்றைக் கொடுத்து அனுப்பிவைக்கின்றன.

● கொல்கத்தா இந்தியன் மியூசியத்தில் பணியாற்றிய திரைலோக்யநாத் முகோபாத்யாய் பேய்க்கு விஞ்ஞான விளக்கமே கொடுத்தவர். தண்ணீர் உறைந்தால் பனிக்கட்டி, இருட்டு உறைந்தால் பேய். அவருக்குப் பின் வந்த பரசுராம், அதாவது பெங்கால் கெமிக்கல் நிறுவனத்தின் வேதியியலாளர் ராஜசேகர் பாசு, ஒரு படி மேலே போனார். செத்தவனுக்கு முற்பிறவி மனைவிகள் இருப்பார்கள் அல்லவா? அந்த மனைவிக்கும் முற்பிறவிக் கணவர்கள் இருப்பார்கள் அல்லவா? அத்தனை பேரையும் ஒரே பொட்டல்வெளியில் பேயாகக் கூட்டிச் சண்டை மூட்டிவிட்டார். இதை எந்தப் பஞ்சாயத்தில் தீர்ப்பது?

● சத்யஜித் ராயின் ‘கூபி காயின் பாகா பாயின்’ (1969) படத்தில் பேய்கள் ஆடுவது நம்ம ஊர்த் தாளத்துக்கு! மூலக்கதை அவருடைய தாத்தா உபேந்திரகிஷோருடையது, ‘சந்தேஷ்’ சிறுவர் இதழில் வந்தது. பாடத் தெரியாத ஒருவனும் மேளம் அடிக்கத் தெரியாத ஒருவனும் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, காட்டில் பேய்களிடம் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் பேய் நடனத்துக்கு ராய் கடன் வாங்கியது கர்நாடக இசையின் தாள வாத்தியக் கச்சேரியை. பாட்டு கிடையாது, ராகம் கிடையாது, வெறும் தாளம். ராஜாப் பேய்களுக்கு மிருதங்கம். குடியானவப் பேய்களுக்குக் கஞ்சிரா. வெள்ளைக்காரத் துரைப் பேய்களுக்குக் கடம். தொந்திப் பேய்களுக்கு மோர்சிங். துரைமார்கள் பொம்மை மாதிரி வெடுக் வெடுக்கென்று நடப்பதற்காக, கேமராவை மெதுவாக ஓட்டிப் படமெடுத்தார். முதலில் தனித்தனியாக ஆடி, பிறகு ஒவ்வொரு கூட்டமும் தனக்குள்ளேயே அடித்துக்கொண்டு சாகும். செத்த பிறகும்! கடைசியில் வரம் கொடுக்கும் பேய் ராஜாவின் குரல் ராயின் சொந்தக் குரல், வேகம் கூட்டி மாற்றியது. மார்கழியில் சபா சபாவாக ஏறி இறங்குகிற நம் ரசிகர்களில் எத்தனை பேர் இந்தக் கச்சேரியைக் கேட்டிருப்பார்கள்?

● தாகூரின் ‘பசித்த கல்’ கதையில் மாளிகை பேய் மாளிகைதான். ஆனால் படித்து முடித்ததும் நினைவில் நிற்பவர் பேயல்ல, மெஹர் அலி. விடியற்காலையில் மாளிகையைச் சுற்றிவந்து, விலகிப் போங்கள், எல்லாம் பொய் என்று கத்தும் பைத்தியம். அந்த மாளிகையில் ராத்தங்கித் தப்பியவர் அவர் ஒருவர்தான், அறிவைக் கொடுத்துவிட்டு. அவர் கதையைத் தாகூர் சொல்லவே இல்லை. (தாகூருக்கு இந்த மாளிகையைக் கொடுத்தது அகமதாபாத்தின் ஷாஹிபாக் அரண்மனை. நீதிபதியான அண்ணனுடன் 1878இல் அங்கே தங்கியிருந்தார்.)

● பேய்க்கும் வேலை பறிபோகும் பயம் உண்டு. சீர்ஷேந்து முகோபாத்யாயின் சிறுவர் நாவல்களில் வரும் சிற்றூர்கள் விசித்திரமானவை. திருடன், பயில்வான், கவிராஜ் வைத்தியர், பேய் எல்லாரும் ஒரே தெருவில் இருப்பார்கள். ‘கோசாயின்பாகானேர் பூத்’ நாவலில் புருன் என்ற பையன் கணக்கில் 13 மார்க் வாங்குகிறான். வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மனம் நொந்து தோப்புக்குப் போகிறான். அங்கே நிதிராம் என்ற பேய் இருக்கிற வித்தையையெல்லாம் காட்டுகிறது. கணக்கில் 13 வாங்கியவனுக்கு அதற்கு மேல் என்ன பயம்? அவன் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு பொடியனைப் பயமுறுத்த முடியவில்லை என்று தெரிந்தால் பேய்ச் சமூகத்தில் மானம் போய்விடும் என்று நிதிராம் கெஞ்ச ஆரம்பிக்கிறது. இன்னொரு சங்கடம், பையனின் தாத்தா பெயர் ராம் கவிராஜ். ராம நாமத்தைப் பேய் எப்படி உச்சரிக்கும்? என்னைக் கேட்டால் வங்க இலக்கியத்தின் மிகப் பாவப்பட்ட பேய் இதுதான்.

● அதே எழுத்தாளரின் ‘கயனார் பாக்ஷோ’ கதையில் பேயாக வருவது வீட்டோடு இருந்த அத்தை. சின்ன வயதிலேயே விதவையாகி, நகைப்பெட்டி ஒன்றைத் தவிர வேறெதுவும் தனக்கென்று இல்லாமல் செத்தவர். பெட்டியைப் பாதுகாக்கப் புது மருமகளைத்தான் நம்புகிறார், ஓயாமல் திட்டிக்கொண்டே. 2013இல் அபர்ணா சென் படமாக்கினார், அத்தையாக மௌஷுமி சாட்டர்ஜி.

● அமானுஷ்யக் கதைகள் சொல்லும் தாராநாத் தாந்திரீகர் என்ற பாத்திரத்தைப் படைத்த பிபூதிபூஷண் பந்தோபாத்யாய் (‘பதேர் பாஞ்சாலி’ எழுதியவரேதான்) அவரை வைத்து எழுதியது இரண்டே கதைகள். 1950இல் அவர் மறைந்தபோது மகன் தாராதாஸ் கைக்குழந்தைப் பருவம் தாண்டியிருந்த சிறுவன். பிற்காலத்தில் அந்த மகன்தான் அப்பா விட்ட இடத்திலிருந்து தாராநாத்தைத் தொடர்ந்தார்.

● ‘பூதேர் பவிஷ்யத்’ (2012) படத்தில் பேய்களுக்கு வீட்டுப் பிரச்சினை. பழைய மாளிகைகளை இடித்து அடுக்குமாடி கட்டுவதால் குடியிருக்க இடமில்லை. மிச்சமிருக்கும் மாளிகையில் சேர நேர்முகத் தேர்வு வைக்கிறார்கள். ஜமீன்தார், வெள்ளைக்கார அதிகாரி, நவாப் சிராஜுத்தௌலா காலத்துச் சமையல்காரர், பீகார் ரிக்‌ஷாக்காரர், கார்கில் போரில் இறந்த ராணுவ அதிகாரி என்று எல்லாரும் ஒரே கூரையின் கீழ். வாடகைக்கு வீடு தேடி அலைந்த யாருக்கும் அந்தத் தேர்வு புதிதாக இருக்காது.

● நாம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நரக சதுர்த்தசி வங்காளத்தில் ‘பூத் சதுர்த்தசி’. அன்று சாயங்காலம் 14 விளக்கு, மத்தியானம் 14 வகைக் கீரை. பொன்னாங்கண்ணி, சக்கரவர்த்திக் கீரை, ஆரைக்கீரை, சீந்தில், வேப்பிலை, கடுகுக்கீரை என்று பட்டியல் நம் பாட்டிகளுக்கும் பழக்கமானதுதான். கொல்கத்தா சந்தைகளில் அன்றைக்குப் பொடியாக அரிந்து கலந்தே விற்கிறார்கள். பதினான்கும் உள்ளே இருக்கிறதா என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.